மேசையின் நாலாவது கால்

பசைக்காரர் தம் வாழ்நாளில் எத்தனையோ நாற்காலிகளைக் கொன்றிருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பி வந்து நியாயம் கேட்டதில்லை. அந்த மஞ்சள் நாற்காலிதான் கேட்டது.

கொலை என்றதும் யாரும் எழுந்து ஓட வேண்டாம். பழைய மரச்சாமான் கடைகளில் அது அன்றாடம் நடக்கிற காரியம்தான். ஐந்து நாற்காலி வருகிறது, ஐந்திலும் ஆளுக்கொரு குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிரித்து, அதன் உறுப்புகளை மற்ற நாலுக்கும் பொருத்திவிடுவார்கள். நாலும் நிமிர்ந்து நிற்கும். ஐந்தாவது என்று ஒன்று இருந்த சுவடே இருக்காது. இந்த வேலையில் பசைக்காரருக்குச் சமமான ஆள் அந்தத் தெருவில் கிடையாது. எது ஒட்டு, எது அசல் என்று அந்த மரத்தை வளர்த்தவனே வந்தாலும் சொல்ல முடியாது.

விரல்களில் எப்போதும் காய்ந்த பசை தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். மாலையில் கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு வந்ததும் அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பசையை நகத்தால் நெம்பி ஏடு ஏடாக உரிப்பாள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் கொஞ்சிக்கொள்வது என்றால் அதுதான்.

கடைக்கு மேலேயே வீடு. வீட்டில் ஐந்து பேர். பசைக்காரர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டில் நாட்டாமை செய்துகொண்டிருந்த அவருடைய அக்கா, வேலை கிடைக்கும்வரை இருக்கிறேன் என்று வந்து கடைக்கே வாயாகிப்போன மைத்துனன். மைத்துனன் பேச ஆரம்பித்தால் மூன்று கால் கட்டிலைக்கூட நவநாகரிகம் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த வீட்டில் எந்தச் சாமான் மீதும் யாரும் ஆசை வைப்பதில்லை. பழுது பார்த்த எதையும் கொஞ்சகாலம் வீட்டில் போட்டு, குடும்பமே உட்கார்ந்து எழுந்து, பசை பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விற்பது பசைக்காரரின் வழக்கம். ஒருமுறை அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கட்டில் விற்றுப்போய்விட்டது. தலையணைக்கடியில் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியும் கூடவே போயிற்று. போய்க் கேட்டதற்கு, கண்ணாடி தனக்கும் பொருந்திவிட்டது என்று சொல்லி வாங்கியவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தச் சாப்பாட்டு மேசை வந்து சேர்ந்தது.

விற்றது ஒரு அம்மாள். பெரிய ஜன்னல்கள் வைத்த வீட்டில் தனியாக இருந்தாள். நேர்க்கோட்டைப் பார்த்தாலே வடிவமைப்பாளர்களுக்கு அலுப்பு வந்துவிட்ட ஒரு காலம் இருந்ததே, அந்தக் காலத்து வடிவமைப்பாளர் அவளுடைய கணவர். மேசைப் பலகையைப் பார்த்தாலே அது தெரிந்தது. வட்டம் போட உட்கார்ந்தவர் பாதியில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போனதுபோல், ஒரு பக்கம் வளைவாகவும் ஒரு பக்கம் பல் பல்லாகவும் இருந்தது. மேலே கறுப்பும் வெள்ளையுமாகப் புழு நெளிவதுபோல் கோடு ஓடிய மைக்கா. கால்கள் நாலும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை. ஒன்று தூண், ஒன்று கூம்பு, ஒன்று மின்னலைப்போல் மடங்கி மடங்கி இறங்கியது. நாலாவது, சிவப்பு உருண்டைகளை ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கியது.

நாற்காலிகளும் அப்படியே. முதுகில் படிக்கட்டு வைத்த சிவப்பு. இரண்டு காது முளைத்த பச்சை. அரைவட்டம் சாய்ந்த நீலம். வரிவரியாகக் கறுப்பு வெள்ளை ஒன்று. முதுகில் விசிறி விரித்த மஞ்சள் ஒன்று. கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் அதே குடும்பத்துப் பீங்கான். தட்டுகளின் ஒரு ஓரம் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருந்தது. கோப்பைகளின் பிடி முக்கோணம். விரல் உள்ளே போகும், வெளியே வருவது அதன் இஷ்டம்.

“இதுக்குப் பேரு பின்நவீனத்துவம்” என்றாள் அம்மாள்.

“அப்படின்னா என்னங்க?”

“உக்காந்தா வசதியா இருக்காது. ஆனா உக்காந்திருக்கோங்கிறத மறக்கவும் விடாது.”

பசைக்காரர் தலையை ஆட்டினார். விற்கிறவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது வியாபாரத்தில் பாதி.

“எங்க வீட்டுக்காரர் தலைக்கு ஒண்ணா எண்ணிச் செஞ்சாரு. அஞ்சு பேர், அஞ்சு நாற்காலி, அஞ்சு தட்டு. இதுல ஒண்ணைக் குறைச்சிடாதீங்க.”

“குறைச்சா என்னங்க ஆகும்?”

“குறைஞ்சிடும்” என்றாள்.

அதையும் வியாபாரப் பேச்சு என்றே பசைக்காரர் எடுத்துக்கொண்டார்.

பட்டறையில் வைத்துப் பார்த்தால், ஐந்து நாற்காலியிலும் ஆளுக்கொரு குறை. கை தானாகவே மஞ்சளின் மேல் போயிற்று. மஞ்சள் விலை போகாது என்பது அவர் அனுபவம். மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டு. பழைய நாற்காலிகள் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காது. கிறீச்சென்று அழும், நாலு தட்டு வாங்கிய பிறகுதான் இணைப்பை விடும். இதுவோ எப்போது தட்டுவார் என்று காத்திருந்ததுபோல் ஒரு பெருமூச்சோடு பிரிந்து கிடந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிரித்ததை என்ன செய்வது? ஒரு கால் சிவப்புக்குப் போயிற்று. விசிறியில் பாதி பச்சையின் காதாயிற்று. உட்காரும் பலகை நீலத்துக்கு, குறுக்குக் கட்டை வரிவரிக்கு. மிச்சத்தைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார்.

மேலே மனைவி பீங்கான் பெட்டியைத் திறந்தாள்.

“ஏங்க, ஒரு தட்டு ரெண்டா இருக்கே. யாரு போட்டது?”

“யாரும் போடல. நீதான் இப்பப் பெட்டியையே திறக்கற.”

தட்டு சுற்றிய காகிதம் கசங்காமல் இருந்தது. உள்ளே தட்டு மட்டும் நேர்பாதியாக, ரம்பத்தால் அறுத்ததுபோல். கூடவே ஒரு கோப்பையின் பிடி தனியாகக் கழன்று கிடந்தது.

“போகட்டும். நாலு இருக்கு, நாலு நாற்காலி இருக்கு, கணக்குச் சரியாப்போச்சு” என்றாள் மனைவி.

அன்றைக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சிவப்பில் மைத்துனன், பச்சையில் அக்கா, நீலத்தில் மனைவி, வரிவரியில் மகள். பசைக்காரர் தமக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டில் கை வைக்கிற நேரத்தில் ஸ்டூல் அவரையும் ஏற்றிக்கொண்டு மெல்லப் பின்னால் போயிற்று. சுவரில் முட்டித்தான் நின்றது.

“மாமா, எங்க கிளம்பிட்டீங்க?” என்று சிரித்தான் மைத்துனன். “தரை சரிவா இருக்கா?”

பசைக்காரர் ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. தரையில் குற்றமில்லை. ஸ்டூலை மறுபடி போட்டார். மறுபடி போயிற்று. கனமான இரும்பு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். அவர் உட்காரும் முன்பே அதன் கால் மடங்கியது.

“டேய் தம்பி, நின்னுட்டே சாப்பிடு. நின்னு சாப்பிட்டா தொந்தி விழாதாம்” என்றாள் அக்கா.

நின்றே சாப்பிட்டார். பிறகு இரண்டு முறை, நல்ல மரத்தில் புதிதாக ஒரு மஞ்சள் நாற்காலி செய்து போட்டார். இரண்டும் விடியும்போது மாடிப்படியின் அடியில் கிடந்தன. யாரோ வழியனுப்பி வைத்ததுபோல், முதுகை வீட்டுக்குக் காட்டிக்கொண்டு.

முதலில் தேநீரில் ஆரம்பித்தது. மனைவி நாலு கோப்பையில் ஊற்றிவிட்டு, “அய்யோ, உங்கள மறந்தே போயிட்டேன் பாருங்க” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரித்தார்கள். மறுநாளும் மறந்தாள். மறுநாளும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. அதற்குப் பிறகு மறந்ததையே மறந்துவிட்டதால் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

“எல்லாரும் சாப்டாச்சா?” என்று அக்கா கேட்பாள். “எல்லாரும் சாப்டாச்சு அண்ணி” என்று மனைவி பாத்திரத்தைக் கழுவப் போடுவாள். எல்லாரிலும் சேராத பசைக்காரர் வெறும் வயிற்றோடு கதவருகே நின்றுகொண்டிருப்பார். கடைத்தெருவில் எல்லாரும் அவரைப் பார்த்துப் பேசினார்கள், திட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். மேசையில் உட்காருகிற நாலு பேருக்கு மட்டும் அவர் மெல்ல மெல்லக் காற்றாகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் மனைவி வாசலில் கிடந்த அவருடைய செருப்பை விளக்குமாற்றால் தள்ளினாள்.

“யாரோ செருப்ப விட்டுட்டுப் போயிருக்காங்கடா.”

“கடைக்கு வந்தவங்களா இருக்கும்கா. தேஞ்சுபோனது. தூக்கி வெளிய போடு” என்றான் மைத்துனன்.

இரண்டு பேருக்கும் நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, “அடியே, அது என்னோடது” என்றார் பசைக்காரர். மனைவி லேசாகத் தோளைக் குலுக்கினாள், கொசு கடித்ததுபோல்.

மகள் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தாள். பார்த்தால் பேசமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள், ஆனால் மாலையானால் அவர் கையை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பசையை உரிப்பாள். ஒருநாள் அந்தக் கையை எடுக்காமல் அத்தையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அத்தை, எங்கப்பா எப்படி இருப்பாரு?”

“உங்கம்மாவக் கேளு” என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு பயம் இருந்தது, கண்ணாடியைத் தேடும்போது வருகிற மாதிரி.

பசைக்காரர் அன்றே அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் அவர் கால்களைப் பார்த்தாள்.

“செருப்பு போயிடுச்சா? அப்ப ரொம்ப தூரம் வந்துட்டீங்க. எதப் பிரிச்சீங்க?”

“மஞ்சள.”

“அது எங்க வீட்டுக்காரரோடது” என்றாள் அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கூடத்தில் மேசை இருந்த இடத்தில் நாலு தடம் இன்னும் தரையில் இருந்தன. ஒரு வட்டம், ஒரு சதுரம், ஒரு கோணல், ஒரு புள்ளி. அவள் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.

“அந்த மேசைக்குன்னு எண்ணிச் செஞ்ச நாற்காலியில இடம் இருக்கறவங்கதான் குடும்பம். இடம் இல்லன்னா ஆளே இல்ல. யார் வந்து உக்காந்தாலும் அந்த இடம் அவங்களோடது. ஏற்கெனவே உக்காந்திருந்தவங்க வெளிய. இதக் கண்டுபிடிச்சப்ப எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? விருந்தாளிங்க உக்கார வந்தா ஓடி வந்து தடுப்பாரு.”

“அப்புறம் ஏம்மா வித்தீங்க? உங்க இடம் போயிடாதா?”

“என்னை மறக்கறதுக்கு யார் இருக்கா? எனக்கென்ன பயம்?”

பசைக்காரர் வந்த காரியத்துக்கு வந்தார்.

“திரும்ப அந்த நாற்காலியச் செஞ்சா?”

“எண்ணிச் செஞ்சு முடிச்ச கணக்குல புதுசு சேராது. பழைய கட்டை எங்க?”

“மத்த நாலுலயும் இருக்கு.”

அம்மாள் சிரிக்காமலிருக்க முயன்று தோற்றாள். “அப்பப் போய் எடுங்க. எடுக்கும்போது யாரோட நாற்காலியிலேர்ந்து எடுக்கறீங்கன்னு பாத்து எடுங்க.”

பசைக்காரர் பார்த்துத்தான் எடுத்தார். மகளைத் தொட முடியாது. மனைவியையும் முடியாது. அக்கா வளர்த்தவள். மிஞ்சியது மைத்துனன். இத்தனை வருஷமாக ஓசியில் சாப்பிட்டவன், கொஞ்சம் நின்றுகொண்டு சாப்பிட்டால் குறைந்தா போய்விடுவான்? அவன் கீழே யாரிடமோ அலமாரியை விற்றுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சிவப்பு நாற்காலியிலிருந்து மஞ்சளின் காலைக் கழற்றி, மேசையில் தமக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி நின்றாள்.

“எங்கங்க போனீங்க இவ்வளவு நேரம்? டீ ஆறிப்போச்சு பாருங்க!”

மகள் வந்தாள், வழக்கம்போல் பசைக்காரரின் விரலைப் பிடித்தாள், “அப்பா, எவ்வளவு பசை!” என்றாள். மனைவி ஊற்றிக் கொடுத்த கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனபோது மைத்துனன் படியேறி வந்தான்.

“அக்கா, எனக்கும் ஒரு டீ…”

மனைவி மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். “யாருங்க நீங்க? கடை கீழ இருக்கு. நீங்க பாட்டுக்கு வீட்டுக்குள்ள வர்றீங்க?”

“ஏய், விளையாடாதக்கா.”

“ஏங்க, யாருன்னு கேளுங்க. வெளிய போகச் சொல்லுங்க.”

மைத்துனன் சிரித்துப் பார்த்தான். அத்தனை வாடிக்கையாளர்களை மயக்கிய சிரிப்பு அது. அது யார்மீதும் படாமல் சுவர்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவன் முகம் குழந்தையின் முகம்போலச் சுருங்கியது. “மாமா… நீங்களாவது சொல்லுங்க மாமா” என்றான்.

பசைக்காரர் கோப்பையில் ஒரே ஒரு வாய் குடித்தார். நல்ல தேநீர். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, காலை மறுபடி சிவப்பு நாற்காலியில் பொருத்தி இறுக்கினார்.

“யாருக்கு இந்த டீய ஊத்தினேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மனைவி அதைத் தானே குடித்தாள். மைத்துனன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காரணம் தெரியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

இதோடு நின்றிருந்தாலும் பசைக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் பார்வைக்கு இல்லாத மனிதராகக் காலம் தள்ளுகிற ஆண்கள் எத்தனையோ பேர். ஆனால் மைத்துனன் மேசையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டான். வீடுகளை அலங்கரிக்கும் தொழிலில் இருந்த ஒரு பெண், தன் வீட்டுக்கே வேண்டுமென்று வந்து நின்றாள். மேசை, நாற்காலி, பீங்கான், எல்லாம் மொத்தமாக.

“எவ்வளவு தைரியமான நிறங்கள்!” என்று சுற்றிச் சுற்றி வந்தாள் அலங்காரக்காரி. காதில் ஆளுக்கொரு வடிவத்தில் தோடு போட்டிருந்தாள். “கிண்டலைப் பாருங்க. ஒவ்வொண்ணும் நம்மளப் பாத்துச் சிரிக்குது.”

“ஆமாங்க. நாங்க தினமும் இதுலதான் சாப்பிடறோம், தினமும் சிரிக்குது” என்றான் மைத்துனன்.

அவள் நீல நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கணத்தில், தட்டில் தண்ணீர்க் குவளை வைத்து எடுத்து வந்துகொண்டிருந்த மனைவி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். “இது யார் வீடு?” என்றாள், மிக மெதுவாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற மகளும் பார்க்கவில்லை. அலங்காரக்காரி எழுந்து பச்சையைத் தடவிப் பார்க்கப் போனபிறகுதான் மனைவியின் முகத்துக்கு மனைவி திரும்பி வந்தாள்.

பசைக்காரருக்கு விளங்கிவிட்டது. இந்த நாற்காலிகள் இந்த வீட்டை விட்டுப் போய், நாலு அந்நியர்கள் அவற்றில் உட்கார்ந்துவிட்டால், இந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் யாரோ ஆகிவிடுவார்கள். ஒரே கூரைக்கடியில் நாலு அந்நியர்கள் ஒருவரையொருவர் வெளியே போகச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

“விக்காதே! இத விக்காதே!” என்று கத்தினார்.

“அந்த ஜன்னலச் சாத்துடி, காத்து இரையுது” என்றாள் மனைவி மகளிடம்.

அலங்காரக்காரிக்கு முதலில் அவர் தெரிந்தாரோ என்னவோ, நீலத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகு அவள் பார்வையும் அவரைத் தாண்டித்தான் போயிற்று.

குரல் எடுபடாத இடத்தில் கையாவது எடுபடட்டும் என்று பசைக்காரர் மேசைக்கடியில் புகுந்தார். கால் இல்லாத மேசையை யார் வாங்குவார்கள்? சிவப்பு உருண்டைக் காலைத் திருகிக் கழற்றி, அலமாரிக்கடியில் உருட்டிவிட்டார். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. மேசை சாயும், பீங்கான் உடையும், வியாபாரம் முறியும். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும்.

மேசை சாய்ந்தது. தட்டுகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓரத்துக்கு வந்தன. விழப்போகிற சாமானைப் பார்த்துச் சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. மூளை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகு வளைந்து, முட்டி மடங்கி, இரண்டு கையும் மேலே போய்ப் பலகையைத் தாங்கிக்கொண்டன. தட்டுகள் ஓரத்தில் வந்து நின்றன. ஒன்றுகூட விழவில்லை.

அலங்காரக்காரி குனிந்தாள். அவள் கண்கள் முதல்முறையாக அவர்மீது நின்றன.

“இந்தக் கால் படத்துல இல்லையே!”

மைத்துனனும் குனிந்து பார்த்தான். தன் வாழ்க்கையில் அந்தக் காலை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் வியாபாரி வியாபாரிதான். “படத்துல போட மாட்டோம்ங்க. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. பாத்தா யாராவது திருடிடுவாங்க” என்றான்.

“ஒரு கால் தூண், ஒரு கால் கூம்பு, ஒரு கால் மின்னல், ஒரு கால்… மனுஷன்! குந்திக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு. முகத்துல அந்த அவதியப் பாருங்க. என்ன நையாண்டி!”

“செஞ்சவரு ரொம்ப அனுபவிச்சு செஞ்சிருக்காரு” என்றாள் அக்கா, தம்பியின் மூக்கை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு.

மகளும் வந்து குந்தினாள். பலகையைத் தாங்கியிருந்த விரல்களை உற்றுப் பார்த்தாள். “மாமா, இங்க யாரோ பசைய விட்டுட்டாங்க” என்று சொல்லி, நகத்தால் நெம்பி, ஒரு ஏட்டை முழுதாக, கிழியாமல் உரித்தெடுத்தாள். எடுத்ததைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பசைக்காரர் மூச்சு விடவில்லை.

அலங்காரக்காரி எழுந்து, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இல்ல. இவ்வளவு நல்ல காலுக்குப் பக்கத்துல இந்த நாற்காலிங்க கூச்சல் போடுது. எனக்கு மேசை மட்டும் போதும். நாற்காலி நான் வெள்ளையில செஞ்சுக்கறேன்.”

மைத்துனனின் முகம் வாடியது. பசைக்காரருக்கோ வாடவில்லை. மேசை போய்விட்டால் அந்த நாலு நாற்காலியும் துணை இழந்த சாமான். அப்படிப்பட்டதை எந்த முட்டாளும் வாங்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அவை இந்த வீட்டிலேயே கிடக்கும், இந்த நாலு பேரும் அவற்றிலேயே உட்கார்வார்கள், ஒருவருக்கொருவர் யார் என்று தெரிந்தபடி வயதாவார்கள். இப்போது அவர் நகர்ந்தால் மேசை விழும், வியாபாரம் போகும், நாளைக்கு இன்னொருவர் வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பார்.

நகரவில்லை.

லாரி வந்தது. சுமைக்காரர்கள் மேசையை அவரோடு சேர்த்தே தூக்கினார்கள். “இந்தக் கால் மட்டும் கனம்யா” என்றான் ஒருவன். வழியில் உராயாமலிருக்க மனைவி பழைய துணிகளைக் கொண்டுவந்து தூணுக்கும் கூம்புக்கும் மின்னலுக்கும் சுற்றினாள். நாலாவது காலுக்கு வந்தபோது, கையிலிருந்த கந்தலைப் போட்டுவிட்டு உள்ளே போய், ஒரு கம்பளித் துண்டை எடுத்து வந்து அதன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“நல்ல துண்டாச்சேக்கா அது?” என்றான் மைத்துனன்.

“குளிருமே” என்றாள் அவள். பிறகு தான் சொன்னது தனக்கே புரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரி தெருமுனையில் திரும்பி மறைகிறவரைக்கும் நின்றாள்.

அலங்காரக்காரியின் வீட்டில் பெரிய கூடம், பளபளக்கும் தரை. நாலாவது காலுக்கு அங்கே மனிதர்கள் முட்டிவரைக்கும்தான். மேலே இருப்பதெல்லாம் வெறும் குரல். வந்த சில நாளில் தச்சர் ஒருவர் வந்து மேசையைச் சுற்றி அளவு எடுத்தார்.

“வீட்ல எத்தனை பேருங்கம்மா?”

“ஆறு பேர்” என்றது அலங்காரக்காரியின் குரல். “ஆனா ஆறு நாற்காலி போட்டா கூட்டமா இருக்கும், அழகு போயிடும். அஞ்சு செய்யுங்க போதும். யாராவது ஒருத்தர் எப்பவும் லேட்டாத்தானே வருவாங்க.”

நாலாவது காலின் வாய் திறந்தது. ஆனால் மேலே அப்போதுதான் யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தான் அசைந்தால் அது சிந்தும்.

கொல்லைப்புறத்தில் ரம்பம் ஓட ஆரம்பித்தது. வாசற்படியருகே, இப்போதுதான் வெளியிலிருந்து வந்த ஒரு ஜோடிக் கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் தயங்கி நின்றது.